டேட்டாபேஸ் ஓடுகிறது, நோட் மட்டும் இணையவில்லை

ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராம்களை சர்வரில் ஓட்டும் மென்பொருளான நோட் ஜேஎஸ்-இன் 16-ஆம் பதிப்புக்கான ஆதரவு 2023 செப்டம்பரோடு முடிந்தது. அதையொட்டி எங்கள் பராமரிப்பில் இருந்த பழைய சர்வர்களை ஒவ்வொன்றாக 18-க்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். பெரும்பாலானவை தொந்தரவு தராமல் ஏறிவிட்டன. ஒரு வாடிக்கையாளரின் பில்லிங் மென்பொருள் மட்டும் ஏற்றிய உடனே படுத்துவிட்டது. விழுந்த புரோகிராமைத் திரும்பத் தொடங்கிவைக்கும் பிஎம்2 என்ற கருவி அதை எழுப்பும், அது விழும், மறுபடி எழுப்பும். லாக் முழுக்க ஒரே வரி: கனெக்ட் ஈகான்ரெஃப்யூஸ்டு ::1:3306. அதாவது இணைப்பு மறுக்கப்பட்டது; 3306 என்பது டேட்டாபேஸின் போர்ட் எண்.

எங்கள் கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மடிக்கணினியில் அதே 18-இல் ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்பியிருந்தோம். அங்கே ஒரு குறையும் இல்லை.

வாடிக்கையாளர் தரப்பில் சர்வரைப் பார்த்துக்கொள்பவர் பழுத்த அனுபவசாலி. போனில் வந்தார். “டேட்டாபேஸ் நல்லா ஓடிட்டிருக்கு தம்பி. இப்பதான் உள்ளே போயி செலக்ட் போட்டுப் பார்த்தேன், ரெக்கார்டெல்லாம் வருது. அதே மெஷின்ல இருக்கிற வேர்ட்பிரஸ் சைட்டும் ஓடுது. உங்க பக்கம்தான் ஏதோ இருக்கணும்.”

அவர் சொன்னதில் பொய்யே இல்லை. “சரிங்க சார், எந்த கமாண்ட் போட்டு உள்ளே போனீங்க?” என்று கேட்டேன். “வழக்கமா போடறதுதான். ஹோஸ்ட் லோக்கல்ஹோஸ்ட்னு குடுத்தேன். உங்க கான்ஃபிக்லயும் அதானே இருக்கு?” என்றார். எங்கள் கான்ஃபிக் ஃபைலிலும் லோக்கல்ஹோஸ்ட் என்றுதான் இருந்தது. ஒரே பெயர், ஒரே மெஷின், ஒரே டேட்டாபேஸ். அவருக்குக் கதவு திறக்கிறது, நோட்டுக்குத் திறக்கவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் எல்லோருக்கும் கை முதலில் போவது ரீஸ்டார்ட் பக்கம்தான். டேட்டாபேஸை ஒரு தடவை, நோட்டை ஒரு தடவை, அப்புறம் மொத்த மெஷினையும் ஒரு தடவை. அது எல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. யாரும் செய்யாமல் விட்டது, லாக்கில் இருந்த அந்த ஒரு வரியைக் கடைசிவரை படிப்பது. ஈகான்ரெஃப்யூஸ்டு என்ற சொல்லைப் பார்த்ததும் ‘கனெக்‌ஷன் போகவில்லை’ என்று புரிந்துகொண்டு கண் அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் ::1 என்பதுதான் விஷயம்.

::1 என்பது ஐபிவி6-இல் ‘இதே மெஷின்’ என்பதற்கான முகவரி. ஐபிவி4-இல் அதற்கு இணை 127.0.0.1. லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயர் இரண்டுக்கும் பொது. டெபியன் லினக்ஸ் சர்வரில், பெயர்களுக்கான முகவரிகளை எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்தால் 127.0.0.1-க்கு நேராகவும் லோக்கல்ஹோஸ்ட் இருக்கும், ::1-க்கு நேராகவும் இருக்கும். பெயரைக் கொடுத்து முகவரி கேட்டால் இயங்குதளம் இரண்டையும் ஒரு வரிசையில் தரும். ஐபிவி6 முதலில் வருவது சகஜம்.

நோட் 16 வரை இந்த வரிசையை நோட் தானே மாற்றிக்கொண்டிருந்தது. இயங்குதளம் எந்த வரிசையில் கொடுத்தாலும் ஐபிவி4 முகவரிகளை முன்னால் தள்ளிவிடும். 2021 அக்டோபரில் வந்த 17-ஆம் பதிப்பில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார்கள். இயங்குதளம் கொடுத்த வரிசை அப்படியே செல்லும். ஒற்றைப்படைப் பதிப்புகளைப் பெரும்பாலோர் சர்வரில் ஏற்றியதில்லை என்பதால், 16-இலிருந்து 18-க்குத் தாவியவர்கள் பலரும் இந்த மாற்றத்தில் ஒன்றாகப் போய் முட்டினார்கள். 18-இல் இயல்பாக முதல் முகவரி ஒன்றை மட்டும்தான் முயற்சி செய்யும். அது மறுத்துவிட்டால் இரண்டாவதைத் தொடாது.

சரி, ::1-இல் 3306 ஏன் மறுக்கிறது? சர்வரில் எஸ்எஸ் கமாண்டை -எல்டிஎன்பி சேர்த்து ஓட்டச் சொன்னேன். எந்த முகவரியில் எந்த போர்ட்டில் எந்த புரோகிராம் காது கொடுத்துக் கேட்கிறது என்று அது பட்டியல் போடும். அங்கே டேட்டாபேஸாக ஓடிய மரியாடிபிக்கு நேராக 127.0.0.1:3306 என்று ஒரே ஒரு வரி. ::1-க்கு வரியே இல்லை. டெபியன் பேக்கேஜில் மரியாடிபியை நிறுவினால், அதன் கான்ஃபிக்கில் பைண்ட் அட்ரஸ் 127.0.0.1 என்றே வரும். பாதுகாப்புக்காக வைத்தது, நல்ல ஏற்பாடு. ஆனால் ஐபிவி6 வழியாக வருகிறவருக்கு அங்கே யாரும் இல்லை.

இனி அந்த மூன்று சாட்சிகள். மூன்றுமே ‘டேட்டாபேஸ் ஓடுகிறது’ என்று உண்மையைத்தான் சொல்லின. ஒன்றுகூட நோட் போகும் வழியில் போய்ப் பார்த்த சாட்சி இல்லை.

முதலில் சர்வர்காரரின் கமாண்ட். மைஎஸ்கியூஎல், மரியாடிபி கிளையண்டுகளுக்கு ஒரு குணம் உண்டு. லினக்ஸில் ஹோஸ்ட் லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் அவை நெட்வொர்க் பக்கமே போகாது. டிஸ்க்கில் இருக்கும் யூனிக்ஸ் சாக்கெட் ஃபைல் வழியாக நேராக உள்ளே போய்விடும். நெட்வொர்க் இணைப்புக்கான டிசிபி இல்லை, போர்ட் இல்லை, ஐபி இல்லை. 3306-ஐ மொத்தமாக மூடி வைத்தாலும் அந்த கமாண்ட் வேலை செய்யும். அதே கமாண்டில் புரோட்டோகால் டிசிபி என்று ஒரு வார்த்தை சேர்த்துப் பார்த்திருந்தால்தான் அது நெட்வொர்க்கைப் பற்றிப் பேசியிருக்கும்.

வேர்ட்பிரஸும் அதே கதைதான். பிஎச்பியின் மைஎஸ்கியூஎல் இணைப்பும் லோக்கல்ஹோஸ்ட் என்றால் யூனிக்ஸ் சாக்கெட்டைத்தான் எடுக்கும். நோட்டில் பலரும் பயன்படுத்தும் மைஎஸ்கியூஎல்2 லைப்ரரி அப்படியில்லை. லோக்கல்ஹோஸ்ட் என்றால் அதற்கு வெறும் பெயர். முகவரி கேட்டு டிசிபியில்தான் போகும்.

மூன்றாவது, எங்கள் மடிக்கணினி. அங்கே மரியாடிபி டாக்கரில், அதாவது கன்டெய்னர் என்ற தனி அறைக்குள், ஓடியது. டாக்கரில் ஒரு போர்ட்டை வெளியே காட்டினால், முகவரி எதையும் குறிப்பிடாதபோது ஐபிவி4, ஐபிவி6 இரண்டிலும் திறந்து வைக்கும். நோட் ::1-க்குப் போனாலும் அங்கே டாக்கர் எடுத்து உள்ளே அனுப்பிவிட்டது. சோதனை சரியாகத்தான் நடந்தது, ஆனால் வேறொரு அமைப்பில் நடந்தது.

தீர்வு ஒரு வரி. கான்ஃபிக்கில் லோக்கல்ஹோஸ்ட்டை எடுத்துவிட்டு 127.0.0.1 என்று எழுதினோம். ஓடத் தொடங்கியது. வேறு வழிகளும் உண்டு. நோட்டைத் தொடங்கும்போது டிஎன்எஸ் ரிசல்ட் ஆர்டர் என்ற கொடியை (ஃபிளாக்) ஐபிவி4ஃபர்ஸ்ட் என்று கொடுத்தால் பழைய வரிசை திரும்பிவிடும். கோடில் கை வைக்க முடியாத மென்பொருளுக்கு அது உதவும். ஆனால் அந்தக் கொடி அந்த புரோகிராமின் எல்லா இணைப்புகளையும் மாற்றும் என்பதால் எனக்கு அதில் விருப்பம் இல்லை. ஒரு கான்ஃபிக் வரி போதுமான இடத்தில் மொத்த வீட்டுக்கும் மின்கம்பி மாற்ற வேண்டியதில்லை. நோட்டையும் யூனிக்ஸ் சாக்கெட் ஃபைல் வழியாகவே அனுப்பலாம், மைஎஸ்கியூஎல்2-இல் அதற்கு சாக்கெட்பாத் என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. டேட்டாபேஸும் நோட்டும் ஒரே மெஷினில் இருக்கப் போகின்றன என்றால் அது நல்ல தேர்வுதான். நாளை டேட்டாபேஸை வேறு மெஷினுக்கு நகர்த்தினால் மறக்காமல் மாற்ற வேண்டும்.

சர்வர்காரர் கேட்டார், “பைண்ட் அட்ரஸை 0.0.0.0-னு மாத்திடட்டுமா தம்பி?” இது இணையத்தில் எல்லா இடத்திலும் கிடைக்கும் மருந்து. இந்த நோய்க்கு அது வேலையே செய்யாது. 0.0.0.0 என்பது எல்லா ஐபிவி4 முகவரிகளும் என்று பொருள், ::1 அதில் சேராது. வேலை செய்யாததோடு, ஃபயர்வால் சரியில்லையென்றால் டேட்டாபேஸை ஊருக்கே திறந்து வைத்த மாதிரி ஆகிவிடும். வேண்டாம் சார் என்று சொல்லி நிறுத்தினேன்.

இன்னொரு வேடிக்கை. நாங்கள் 18-க்குப் பதில் நேராக 20-க்குப் போயிருந்தால் இது நடந்தே இருக்காது. 20-இலிருந்து நோட் ஒரு பெயருக்குக் கிடைத்த முகவரிகளை ஒன்று தவறினால் அடுத்தது என்று முயற்சி செய்கிறது. ::1 மறுத்ததும் 127.0.0.1-க்குப் போய் இணைந்திருக்கும். பிரச்சினை அடியில் அப்படியே இருந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது.

அந்த வசதியிலும் ஒரு வில்லங்கம் உண்டு. அது பிற்பாடு வேறொரு வேலையில் தலைகாட்டியது. அமெரிக்காவில் இருக்கும் ஒரு ஏபிஐயை இங்கிருந்து கூப்பிடும் சின்ன சேவை அது. நோட் 20. சில நேரம் போகும், சில நேரம் போகாது. லாக்கில் ‘எரர்:’ என்று இருக்கும், அதற்கு அப்புறம் ஒன்றுமே இல்லை. வெற்று வரி. கமாண்ட்லைனிலிருந்து இணையக் கோரிக்கை அனுப்பும் கர்ல் கருவியைப் போட்டால் ஒவ்வொரு முறையும் பதில் வருகிறது.

வெற்று வரிக்குக் காரணம் எளிது. பல முகவரிகளை முயற்சி செய்து எல்லாமே தோற்றால் நோட் அக்ரிகேட்எரர் என்ற வகையைத் தருகிறது. அதன் மெசேஜ் காலி. உண்மையான பிழைகள் எரர்ஸ் என்ற பட்டியலுக்குள் உட்கார்ந்திருக்கும். லாக்கில் மெசேஜை மட்டும் அச்சிடும் கோடு உலகம் முழுக்க இருக்கிறது, அது எல்லாம் இங்கே ஊமையாகிவிடும். பட்டியலைத் திறந்து அச்சிட்டதும் இரண்டு பிழைகள் தெரிந்தன. ஐபிவி4 முகவரிக்கு ஈடைம்டுஅவுட். ஐபிவி6 முகவரிக்கு ஈநெட்அன்ரீச், அதாவது அந்தப் பக்கம் போக வழியே இல்லை.

அந்த அலுவலக இணைப்பில் ஐபிவி6 கிடையாது, அது சரி. ஐபிவி4 ஏன் டைம்அவுட் ஆகிறது? நோட் 20 ஒரு முகவரிக்குத் தரும் அவகாசம் இயல்பாக 250 மில்லிவினாடி. அதற்குள் இணைப்பு அமையவில்லையென்றால் அதைக் கைவிட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஒரு பாக்கெட் போய்த் திரும்பவே 200 மில்லிவினாடிக்கு மேல் ஆவது வாடிக்கை. கொஞ்சம் நெரிசலான நேரத்தில் 250-ஐத் தாண்டிவிடும். நோட் அவசரப்பட்டு நல்ல வழியை விட்டுவிட்டு, இல்லாத வழிக்குப் போய் விழுந்தது. இந்த வகைச் செயல்பாட்டுக்கான இணையப் பரிந்துரையில் முதல் முயற்சியை உயிரோடு விட்டுவிட்டே அடுத்ததைத் தொடங்கச் சொல்கிறார்கள். நோட் முதலாவதை மூடிவிட்டுத்தான் அடுத்ததற்கு நகர்கிறது. நெட் மாட்யூலில் இந்த அவகாசத்தைக் கூட்ட ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. கமாண்ட்லைன் கொடியும் வந்துவிட்டது. 1000 என்று வைத்தோம், அந்தத் தொல்லை நின்றது. மெஷின் வெளிநாட்டு சர்வர்களோடு பேசப் போகிறது என்றால் இதை நான் முன்கூட்டியே கூட்டிவிடுகிறேன்.

கர்ல் ஏன் பிழைத்தது என்றால், அது அவ்வளவு சீக்கிரம் கைவிடுவதில்லை. கர்ல் சாட்சி வேறு விதத்திலும் ஏமாற்றும். அலுவலக புராக்ஸிக்கு (வெளியே போகும் கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் இடைநிலை சர்வர்) பின்னால் இருக்கும் மெஷினில், புராக்ஸி முகவரி சூழல் மாறியில் இருந்தால் கர்ல் அதைப் பார்த்து புராக்ஸி வழியாகப் போகும். இணையக் கோரிக்கை அனுப்பும் நோட்டின் ஃபெட்ச் ஃபங்ஷன் இயல்பாக அதைக் கண்டுகொள்ளாது, நேராகப் போய் ஃபயர்வாலில் மோதும். 24-ஆம் பதிப்பில் நோட்-யூஸ்-என்வி-புராக்ஸி என்ற மாறியை 1 என்று வைத்தால் மதிக்கும் வசதி வந்திருக்கிறது. அதனால் ‘கர்ல்ல வருதே’ என்று யாராவது சொன்னால், புராக்ஸி மாறிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது என் முதல் வேலை.

ஃபெட்ச் பற்றி இன்னொன்று. அது தோற்றால் ‘ஃபெட்ச் ஃபெயில்டு’ என்று மட்டும் சொல்லும். டைப்எரர் என்று வேறு பெயர் போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஏதோ டேட்டா டைப் பிழை என்று கோடைக் குடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே காஸ் என்ற புலத்தில்தான் நிஜமான காரணம் இருக்கும். சில நேரம் அந்தக் காஸே ஒரு அக்ரிகேட்எரராக இருக்கும், அதற்குள்ளும் இறங்க வேண்டும்.

பிழைக்குறிகளைப் பற்றி நான் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: நோட் எவ்வளவு தூரம் போனது என்பதை அந்தக் குறி சொல்லிவிடும். ஈநாட்ஃபவுண்ட் என்றால் இன்னும் வீட்டை விட்டே கிளம்பவில்லை, பெயருக்கு முகவரியே கிடைக்கவில்லை. இதற்கு ஃபயர்வாலைத் தோண்டிப் பயனில்லை. பிழைச்செய்தியில் அந்தப் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஹோஸ்ட் என்ற இடத்தில் எச்டிடிபி முன்னொட்டோடு முழு முகவரியைக் கொடுத்திருப்பார்கள். அல்லது பெயரைச் சுற்றி மேற்கோள்குறி ஒட்டியிருக்கும். டாக்கர் ரன்னில் என்வி ஃபைல் (சூழல் மாறிகளை எழுதி வைக்கும் ஃபைல்) கொடுக்கும்போது மதிப்பைச் சுற்றியிருக்கும் மேற்கோள்குறிகளை அது கழற்றாது, அவற்றையும் பெயரின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். மடிக்கணினியில் டாட்என்வி லைப்ரரி அதைக் கழற்றிவிடும் என்பதால் அங்கே எல்லாம் நன்றாகவே இருக்கும்.

பெயரைச் சோதிக்க டிக் கமாண்டை ஓட்டுவது பலருக்கும் பழக்கம். டிக் நேராக டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும், ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பார்க்காது. நோட்டின் வழக்கமான இணைப்பு பெயருக்கு முகவரி தேடித் தரும் இயங்குதளத்தின் கெட்ஆட்ரின்ஃபோ வழியாகப் போகிறது, அது ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பார்க்கும். ஆகவே கெட்என்ட் கமாண்டில் ஏஹோஸ்ட்ஸ் என்று கேட்டால்தான் நோட் பார்க்கும் பட்டியல் ஏறக்குறைய அதே வரிசையில் கிடைக்கும்.

ஈகான்ரெஃப்யூஸ்டு வந்தால் ஒருவகையில் நல்ல செய்தி. பாக்கெட் போய்ச் சேர்ந்திருக்கிறது, அந்த போர்ட்டில் யாரும் இல்லை என்று எதிர்முனையின் கெர்னலே (இயங்குதளத்தின் மையப்பகுதி) ஆர்எஸ்டி என்ற மறுப்பு பாக்கெட் போட்டுப் பதில் அனுப்பியிருக்கிறது. மறுப்பு உடனடியாக வரும். அப்போது பார்க்க வேண்டியவை: சேவை ஓடுகிறதா, எந்த முகவரியில் கேட்கிறது, நாம் போன முகவரி அதுதானா. சில ஃபயர்வால்களும் இப்படி மறுத்துப் பதில் அனுப்பும், ஆனால் அது குறைவு.

ஈடைம்டுஅவுட் அப்படியில்லை. கூப்பிட்டோம், பதிலே இல்லை. பெரும்பாலும் நடுவில் ஒரு ஃபயர்வால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் கீழே போட்டிருக்கும். கிளவுடு சர்வர்களின் பாதுகாப்பு விதிகள் இயல்பாகச் செய்வது இதைத்தான். இங்கே எவ்வளவு நேரம் கழித்து டைம்அவுட் வந்தது என்பதையும் பாருங்கள். 6.5-க்கு முந்தைய லினக்ஸ் கெர்னல் முதல் பாக்கெட்டை இயல்பாக 6 முறை திரும்ப அனுப்பிப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் காத்திருப்பு இரட்டிப்பாகும்: 1, 2, 4 என்று 64 வரை போய்க் கூட்டினால் 127 வினாடி. இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் கழித்து வந்தால் கைவிட்டது கெர்னல். 10 வினாடியில் வந்தால் அது லைப்ரரியின் சொந்த முடிவு, மைஎஸ்கியூஎல்2-க்கும் நோட்டின் ஃபெட்சுக்கும் இயல்பான அவகாசம் 10 வினாடி. லைப்ரரி தானே தயாரித்த பிழையில் முகவரியும் போர்ட்டும் இல்லாமலும் போகலாம், அதுவும் ஒரு அடையாளம்தான்.

பிங் போட்டுப் பார்த்து ‘நெட்வொர்க் இருக்கு’ என்று சொல்வதை நான் கணக்கில் எடுப்பதில்லை. பிங்குக்கும் போர்ட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. பிங் வந்தும் போர்ட் மூடியிருக்கும், பிங்கை அடைத்து வைத்த சர்வரில் போர்ட் நன்றாகத் திறந்திருக்கும்.

கன்டெய்னர்களுக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கன்டெய்னரே. நோட் ஒரு கன்டெய்னரிலும் டேட்டாபேஸ் இன்னொன்றிலும் இருந்தால் கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் டாக்கர் கம்போஸின் ஃபைலில் கொடுத்த சேவைப் பெயரைத்தான் ஹோஸ்ட்டாக எழுத வேண்டும். போர்ட்டிலும் ஒரு குழப்பம் வரும். வெளியே 3307 என்றும் உள்ளே 3306 என்றும் மாற்றிக் காட்டியிருந்தால், கன்டெய்னருக்குக் கன்டெய்னர் பேசும்போது உள்ளே இருக்கும் 3306-தான். டிபெண்ட்ஸ்-ஆன் போட்டுவிட்டோம், டேட்டாபேஸ் தயாரான பிறகுதான் நோட் தொடங்கும் என்று நம்பவும் கூடாது. ஹெல்த்செக் வைத்து, அது தேறிய பிறகு என்று குறிப்பிடாவிட்டால், கன்டெய்னர் தொடங்கிவிட்டதா என்று மட்டும்தான் அது பார்க்கும்.

இணைந்த பிறகு அறுந்துபோவது தனி வகை. ஈகான்ரீசெட், அல்லது ‘சாக்கெட் ஹேங் அப்’. எப்போதாவது ஒன்று வரும், திரும்ப முயன்றால் போய்விடும். அதனாலேயே யாரும் தேட மாட்டார்கள். நான் பார்த்தவரை இதற்கு முதல் சந்தேகநபர் கீப்அலைவ், அதாவது ஒரு இணைப்பை மூடாமல் வைத்து அடுத்த கோரிக்கைக்கும் பயன்படுத்துவது. நோட் 18, 20 பதிப்புகளில் சர்வர் சும்மா இருக்கும் இணைப்பை இயல்பாக 5 வினாடியில் மூடும். கோரிக்கைகளை சர்வர்களுக்குப் பிரித்துத் தர முன்னால் நிற்கும் லோடுபேலன்சர் அதே இணைப்பை 60 வினாடி வரை பயன்படுத்தலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும். சர்வர் மூடுகிற அதே கணத்தில் லோடுபேலன்சர் புதிய கோரிக்கையை அதில் போட்டால் பயனருக்கு 502 என்ற பிழை. சர்வரின் கீப்அலைவ் டைம்அவுட்டை லோடுபேலன்சருடையதை விடக் கொஞ்சம் அதிகமாக, 65 வினாடி என்று வையுங்கள். ஹெட்டர்ஸ் டைம்அவுட்டை அதற்கும் மேலே வைத்துவிடுவது பாதுகாப்பு. நோட் 19-இலிருந்து கிளையண்ட் பக்கமும் இயல்பாகவே கீப்அலைவ் போட்டுவிட்டார்கள். அதற்கு முன்னால் இந்தப் பிழையையே பார்க்காத கோடில் திடீரென்று தலைகாட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

சாக்கெட்டில் செட்டைம்அவுட் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது நேரம் முடிந்ததும் டைம்அவுட் என்று ஒரு நிகழ்வை எழுப்பும், அவ்வளவுதான். இணைப்பைத் துண்டிக்காது. அந்த நிகழ்வைக் கேட்டு நீங்களே டிஸ்ட்ராய் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் சாக்கெட்டுகள் தேங்கிக்கொண்டே போகும். எரர் நிகழ்வுக்குக் காது கொடுக்காமல் விட்டால் அது இன்னும் மோசம். பிடிக்க ஆளில்லாத ஒரு எரர் நிகழ்வு மொத்த புரோகிராமையும் கீழே இறக்கிவிடும். பில்லிங் மென்பொருள் விழுந்து விழுந்து எழுந்ததற்கு அதுதான் காரணம்.

இப்போதெல்லாம் எந்த இணைப்புப் புகார் வந்தாலும் வேறு கருவிகளுக்கு முன்னால் நோட்டையே ஓட்டிப் பார்க்கிறேன். நோட்டை -ஈ போட்டு, நெட் மாட்யூலின் கனெக்ட்டில் கான்ஃபிக்கில் இருக்கும் அதே பெயரையும் போர்ட்டையும் கொடுத்து, இணைந்தால் எதிர்முனையின் முகவரியையும், தோற்றால் முழு எரரையும் அச்சிட வேண்டியது. ஒரே வரியில் முடியும். அதை அந்த சேவை ஓடும் அதே பயனராக, கன்டெய்னர் என்றால் அதற்குள்ளேயே நுழைந்து, அதே நோட் பதிப்பில் ஓட்ட வேண்டும். ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸில் செய்த நோட் இமேஜில் கர்ல் இருக்காது, டிக் இருக்காது. நோட் மட்டும் கட்டாயம் இருக்கும்.

எங்கள் எல்லா புராஜெக்ட்டிலும் லாக் எழுதும் ஃபங்ஷனையும் மாற்றிவிட்டோம். மெசேஜோடு பிழைக்குறி, சிஸ்கால் (தோற்றுப்போன இயங்குதள அழைப்பு), அட்ரஸ், போர்ட் நான்கையும் எழுதும். காஸ் இருந்தால் அதற்குள் இறங்கும், எரர்ஸ் பட்டியல் இருந்தால் ஒவ்வொன்றாக எழுதும். எதற்கு இவ்வளவு, எரரை அப்படியே முழுசாகக் கொட்டிவிடலாமே அண்ணா என்று கூட வேலை செய்யும் தம்பி ஒருவன் கேட்டான். ஆக்சியோஸ் போன்ற லைப்ரரிகளின் எரருக்குள் கோரிக்கையின் கான்ஃபிக்கும் சேர்ந்தே இருக்கும். அதைக் கொட்டினால் ஆத்தரைசேஷன் ஹெட்டரில் இருக்கும் டோக்கனும் லாக்கில் போய் உட்காரும், லாக்கைப் பார்க்கிற எல்லோர் கண்ணிலும் படும். அதனால் அந்தக் குறிப்பிட்ட புலங்கள் மட்டும்.